விரல் சொல்லும் வரை

கரப்பானை அளக்க எங்கள் துறையில் 'ஈசி' என்றொரு கணக்கு உண்டு. உடம்பை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு, சொறிந்த காயம் எவ்வளவு, தோல் எவ்வளவு தடித்துப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவோம். 2001-இல் வெளியான இந்த முறையில், எட்டு வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது மொத்தத்தில் 10 சதவீதம்தான். பரப்பளவை வைத்துப் பார்த்தால் நியாயமான கணக்கு. இரண்டு மேல் இமையிலும் கரப்பான் வந்த ஒரு பெண்ணுக்கு இதில் ஒரு மதிப்பெண் தேறுவதே பாடு. அவளோ பத்து நாளாகக் கல்லூரிக்குப் போகாமல், துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருப்பாள். முழங்கால் மடிப்பில் இதைவிட நான்கு மடங்கு புண்ணோடு வருகிற அவள் அண்ணன், 'அரிக்குது, ஒரு களிம்பு குடுங்க' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

ஈரோட்டுப் பக்கம் தோல் வைத்தியம் பார்த்து எனக்கு வயதாகிவிட்டது. முகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் ஒதுக்கும் நேரத்தில் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு ஆவது கொஞ்சம்தான். அந்த மருந்தை எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்று புரியவைப்பதற்குத்தான் மீதி நேரமெல்லாம் போகிறது.

முதலில் முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். பவுடர், பொட்டு, க்ரீம் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போடுவேன். டியூப்லைட் நேராக முகத்தில் விழுந்தால் மேடு பள்ளம் தெரியாது. பக்கவாட்டில் விழுகிற பகல் வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கொப்புளம்கூட நிழல் காட்டும். அப்புறம் கையுறை இல்லாமல் விரலின் பின்பக்கத்தால் கன்னம், நெற்றி, மூக்கோரம், இமை, காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில் என்று ஒரு சுற்று தடவிப் பார்ப்பேன். செல்போனில் எடுத்த படங்களை நம்புவதை விட்டுவிட்டேன். இன்றைய போன்கள் கேட்காமலே முகத்தை வழவழப்பாக்கிவிடுகின்றன; பாதிக் கரப்பானை அதுவே குணப்படுத்தி அனுப்புகிறது.

விரலை இவ்வளவு நம்புவதற்குக் காரணம் நம் தோலின் நிறம். நான் படித்த புத்தகங்களில் கரப்பான் என்றால் ரோஜா நிறத்தில் இருக்கும். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு சாம்பல் கலந்த பழுப்பாகவும், கறுத்த தோலில் ஊதாவாகவும் தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது. இந்தக் குறை மேலைநாட்டு மருத்துவர்களுக்கு உறைக்கவே வெகுகாலம் ஆயிற்று. லண்டன் செயின்ட் ஜார்ஜஸில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், தன் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 2020-இல் 'மைண்ட் த கேப்' என்று ஒரு கையேடு கொண்டுவந்தார். கறுத்த தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்பதுதான் அதன் விஷயம்.

நோய் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒரு சிக்கல். நோய் போன பிறகும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். கரப்பான் அடங்கியதும் அந்த இடம் கறுத்துவிடும். அழற்சி நடந்த இடத்தில் நிறமி கீழே உதிர்ந்து உட்தோலில் தங்கிவிடுகிறது. அது கரைய மாதக்கணக்கில் ஆகும். அது நோயில்லை, நோய் விட்டுப்போன கறைதான் என்று கண்ணாடியில் பார்க்கிறவருக்குத் தெரியாது. 'இன்னும் போகலையே' என்று களிம்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தேய்ப்பதாலேயே இன்னும் கறுக்கும்.

குழந்தைகளுக்கு இதே கதை நேரெதிர் நிறத்தில் நடக்கும். கன்னத்தில் லேசான கரப்பான் வந்து போன இடம் வெளுத்துப்போய், வட்ட வட்டமாகத் தேமல் மாதிரி நிற்கும். கோடை விடுமுறையில் வெயிலில் விளையாடிச் சுற்றியுள்ள தோல் கறுத்ததும் அந்த வெளுப்பு பளிச்சென்று தெரியும். ஜூன் மாதத்தில் என் வாசலில் இந்தக் கன்னங்கள் வரிசையில் நிற்கும். வரும்போதே அம்மாக்கள் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்திருப்பார்கள், கால்சியம் டானிக் வாங்கியிருப்பார்கள். வாய்விட்டுக் கேட்காத பயம் வெண்புள்ளி. வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளையாக, கரை கட்டினாற்போல் இருக்கும். இது மங்கலான வெளுப்பு. ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. விரல் வைத்தால் மெல்லிய செதில் தட்டுப்படும். இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வரலாம்.

ஆகவே எல்லோருக்கும் ஒரு பயிற்சி தருகிறேன். 'கண்ணை மூடிக்குங்க. உங்க விரலாலே நோவு இருக்கிற இடத்தைத் தொடுங்க. இப்போ அந்தப் பக்கத்துக் கன்னத்தை, நல்லா இருக்கிற இடத்தைத் தொடுங்க. வித்தியாசம் தெரியுதா?' தெரியும். சொரசொரப்பும் தடிப்பும் இருக்கும் வரை மருந்து. இரண்டு இடமும் விரலுக்கு ஒன்றாகத் தெரிகிற அன்று நிறுத்தும் பேச்சு. நிறம் கறுப்போ வெளுப்போ, அது பாட்டுக்குப் போகும். கண்ணாடியைக் கேட்டுக்கொண்டு மருந்து போடக் கூடாது.

இந்த நிறுத்தல் முகத்தில் மட்டும் ஏன் இத்தனை முக்கியம்? 1952-இல் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் களிம்பாகப் பூசிக் கரப்பானை அடக்கிக் காட்டினார்கள். எங்கள் துறையின் வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்றே பிரிக்கலாம். 1967-இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் அதே ஹைட்ரோகார்ட்டிசோன் உடம்பின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை ஒன்று என்று வைத்தால், உள்ளங்காலில் அதில் ஏழில் ஒரு பங்கு. நெற்றியில் 6 பங்கு. தாடை ஓரத்தில் 13 பங்கு. கைக்குக் கொடுத்த டியூபை முகத்திலும் தடவுகிறவர், டியூபில் அச்சிட்டிருக்கும் வீரியத்தைவிடப் பல மடங்கு மருந்தை உள்ளே விடுகிறார்.

முகத்தில் மருந்து வேகமாக வேலை செய்வதும் இதனால்தான். இரண்டே நாளில் அரிப்பு போய், மூன்றாம் நாள் முகம் பளபளக்கும். போதாததற்கு இந்த மருந்து சற்று வெளுக்கவும் வைக்கும். நம் ஊரில் இதைவிட ஆபத்தான குணம் ஒரு மருந்துக்கு இருக்க முடியாது. மங்குக்காக 1975-இல் கிளிக்மன் சொன்ன மூன்று மருந்துக் கலவை ஒன்று உண்டு: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அவற்றோடு ஒரு ஸ்டீராய்டு. அந்த வழியில் வந்த க்ரீம்கள் இங்கே மருந்துக்கடையிலிருந்து நேராகச் சிவப்பழகு க்ரீமாக வீட்டுக்குப் போயின. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு வாங்கிப் பூசிச் சீரழிந்த முகங்களை இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008-இலேயே தனி நோயாகப் பெயரிட்டு எழுதினார்கள். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிலந்தி வலைபோலத் தெரிந்து, பரு கிளம்பி, மேலுதட்டில் ரோமம் அடர்ந்து, வெயிலில் நின்றால் எரிகிற முகம். 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணை வந்தது. ஆணை வந்த பிறகும் என் மேஜையில் எடுத்து வைக்கப்படும் டியூப்கள் குறைந்தபாடில்லை.

மாதக்கணக்கில் பூசிய ஸ்டீராய்டை நிறுத்தினால் சில நாளில் முகம் கொதித்துக்கொண்டு கிளம்பும். வந்த நோயைவிட மோசமாக இருக்கும். 'இந்த டாக்டரம்மா மருந்து ஒத்துக்கலை' என்று பழைய டியூபுக்கே ஓடிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: சிவக்கும், எரியும், வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதமும் ஆகும், என் போன் நம்பர் இது. இன்னொரு கேள்வியும் உண்டு. 'வீட்டுல கல்யாணம் காட்சி ஏதாவது வருதா?' அடுத்த மாதம் முகூர்த்தம் என்றால் இப்போதைக்கு வீரியத்தைக் குறைத்துக்கொண்டு வருவேனே தவிர, அடியோடு நிறுத்த மாட்டேன். மணமேடையில் கொதிக்கும் முகத்தோடு ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு மருத்துவ நியாயம் பேசிப் பயனில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. இணையத்தில் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள். குழந்தைக்கு இரண்டு நாள் தடவிவிட்டு, அரிப்பு குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அரை குறையாய் அடங்கியது வாரத்துக்குள் திரும்பும். மறுபடி இரண்டு நாள். கூட்டிப் பார்த்தால் ஒழுங்காய் ஒரு வாரம் போட்டிருந்தால் ஆகியிருக்கும் அளவைவிடக் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். அவர்களுக்கும் விரல் கணக்குதான். முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு சதவீதம், அல்லது டெசொனைடு. மூன்று நாளிலிருந்து ஏழு நாள். தொட்டுப் பார்த்து நிறுத்து.

நிறுத்திய இடத்தைக் காக்க டாக்ரோலிமஸ் இருக்கிறது. ஜப்பானில் சுக்குபா மலையடி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-இல் பிரித்தெடுத்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கென்று தொடங்கி, 2000-த்தின் கடைசியில் அமெரிக்காவில் கரப்பானுக்குக் களிம்பாக அனுமதி பெற்றது. தோலை மெலியவைக்காது என்பதால் இமைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. ஆனால் முதல் வாரம் எரியும். எரியும் என்று சொல்லாமல் கொடுத்தால் அந்த டியூப் அன்றே குப்பைக்குப் போகும். நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: குளிரூட்டிப் பெட்டியில் வை, முகம் கழுவிய ஈரத்தோடு பூசாதே, அழற்சி உச்சத்தில் இருக்கும்போது தொடங்காதே, ஸ்டீராய்டு போட்டு அடங்கிய பிறகு தொடங்கு, முகம் சீரானதும் வாரத்தில் இரண்டு இரவு மட்டும் தடவு. ஆண்களிடம், மனைவி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, இன்னொன்றும் சொல்வதுண்டு. இந்தக் களிம்பு போடுகிற சிலருக்கு மது குடித்தால் முகம் குப்பென்று சிவந்துவிடும். சொல்லாமல் விட்டு, வீட்டில் மாட்டிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர் உண்டு.

மருந்து ஒரு பக்கம் இருக்க, முகத்துக் கரப்பானுக்குக் காரணம் வெளியில் இருக்கிறதா என்று துப்பறிவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. எந்த இடம் பட்டிருக்கிறது என்பதோடு எந்த இடம் தப்பித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வெயிலால் வந்தது என்றால் மேல் இமை, தாடைக்கு அடி, காதுக்குப் பின்புறம் மூன்றும் தப்பித்திருக்கும்; அங்கெல்லாம் நிழல். காற்றில் வரும் தூளால் வந்தது என்றால் அந்த மூன்று இடத்தையும் அது விட்டுவைக்காது. பார்த்தீனியம் செடிக்கு இதுதான் அடையாளம். 1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு புனே பக்கம் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் அந்தச் செடி இன்று எங்கள் வாய்க்கால் கரை, தரிசு, ரயில் பாதை ஓரம் எங்கும் நிற்கிறது. மழை ஓய்ந்து அது பூத்ததும், நெற்றி மடிப்பெல்லாம் தடித்து, இமை கனத்து, மேல்சட்டைக் கழுத்துக்கு மேல் மட்டும் வேறு ஆள் மாதிரி விவசாயிகள் வருவார்கள். 'செடியைத் தொடவே இல்லீங்களே' என்பார்கள். தொட வேண்டியதில்லை. இவர்களில் சிலருக்குக் களிம்பு போதாது. அசாதயோப்ரின் மாத்திரையும் அதற்கான இரத்தப் பரிசோதனையும் என்று நீளும்.

இமை மட்டும் என்றால் கையைப் பார்ப்பேன். நகப்பூச்சு விரலை ஒன்றும் செய்யாது, கண்ணைக் கசக்குகிறபோது இமையில் வேலையைக் காட்டும். அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத தோல் அது. அடுத்தது தலைச்சாயம். 'டை ஒத்துக்கலைன்னா தலையில்லைங்க அரிக்கணும், கண்ணு ஏன் வீங்குது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தலைத்தோல் தடிமன், சாயத்தில் இருக்கும் பாராஃபினைலின்டயமின் வழிந்து வந்து இமையிலும் காதோரத்திலும்தான் ஆட்டம் போடும். கோயில் திருவிழாவில் போட்டுவிடும் கறுப்பு மருதாணியிலும் அதே சரக்குதான். மூக்குக் கண்ணாடியின் நிக்கல், தலைவலித் தைலம், நெற்றியில் குங்குமம், ஒட்டுப் பொட்டின் பசை. எங்கள் ஊரில் மஞ்சளே ஒவ்வாமல் போகலாம் என்று சொன்னால் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அபூர்வம், ஆனால் உண்டு. நிரூபிக்க முதுகில் ஒட்டுச் சோதனை செய்வோம். யாடசோன் 1895-இல் சொன்ன முறைதான், இன்னும் பெரிதாய் மாறவில்லை. ஒட்டி இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் இதற்கு ஆள் பிடிக்க முடியாது, மார்கழிக்கு ஒத்திவைத்துவிடுவேன்.

கரப்பான் வேஷத்தில் வருகிற வேறு நோய்களும் இருக்கின்றன. மூக்குக்கும் வாய்க்கும் இடையிலான மடிப்பில் செதில் இருந்தால் பொடுகு வகை. கன்னமும் மூக்கும் சிவந்து அந்த மடிப்பு மட்டும் சுத்தமாக இருந்தால் லூபஸ் நினைவுக்கு வரவேண்டும். வளையமாக ஓரம் தூக்கினால் படர்தாமரை. சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் ஸ்டீராய்டு கூடாது. வெளுத்த திட்டில் உணர்ச்சி குறைந்தால் தொழுநோயை நினைக்காமல் தமிழ்நாட்டில் யாரும் தோல் வைத்தியம் பார்க்க முடியாது. காய்ச்சலோடு, குத்தி எடுத்தாற்போல் ஒரே அளவில் சின்னச் சின்னப் புண்கள் கரப்பான் மேல் திடீரென்று கிளம்பினால் அது அக்கி வைரஸ். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணைச் சுற்றி என்றால் கண் மருத்துவரும் வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பில் எனக்குச் சோப்பின் மேல்தான் பகை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், கார அமிலக் கணக்கில் 5-ஐ ஒட்டி. சாதாரணச் சோப்பு 9, 10. கடலை மாவும் எலுமிச்சையும் இயற்கை என்பதால் மட்டும் இந்த முகத்துக்கு நல்லதாகிவிடாது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், வீட்டில் மென்னீர் இயந்திரம் பொருத்தியதால் கூடுதல் பலன் இல்லை. அந்தக் காசுக்கு வெள்ளை வேசலின் வருடக்கணக்கில் வரும். எச்சில் வடிக்கும் கைக்குழந்தைக்குச் சோறூட்டும் முன்னால் வாயைச் சுற்றி அதைத் தடவிவிட்டாலே பாதிக் கன்னம் ஆறும்.

தேங்காய் எண்ணெயை நான் எதிர்ப்பதில்லை. 2014-இல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அது மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் குலைக்கிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நினைக்கிற பாட்டிகளிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. குழந்தையின் வறண்ட கன்னத்துக்கு நல்லதான எண்ணெயை, அதே வீட்டில் பொடுகு வகை உள்ள அப்பா மூக்கோரத்தில் பூசினால் கெடும். எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் மலசேசியா என்ற பூஞ்சைக்கு அது விருந்து.

சாப்பாட்டு விஷயத்தில் கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம் என்று பாட்டி சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. கத்தரிக்காய் இல்லாமல் ஒரு பிள்ளை நன்றாகவே வளரும். முட்டை, பால், மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தப் போனால்தான் குறுக்கே விழுவேன். சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு வீங்கியதா, தடிப்பு கிளம்பியதா என்று கேட்டு, அப்படி ஏதும் இருந்தால் மட்டும் சோதனைக்கு அனுப்புவேன்.

மறுமுறை வரும்போது டியூபைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்வேன். ஆட்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரைக் கிராம்; பெரியவர்களின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு அப்படி இரண்டரை. இரண்டு வேளையும் முழு முகத்துக்கும் போட்டால் 10 கிராம் டியூப் நான்கு நாள் வரும். இமைக்கு மட்டும் என்றால் மாதக்கணக்கில் வரும். டியூப் கொழுகொழுவென்று இருந்தால் பயந்து போடவில்லை. இமைக்கு எழுதிக் கொடுத்தது பத்தே நாளில் சப்பையாகிக் கடைசிவரை சுருட்டப்பட்டிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

'வீட்டுல வேற யாரு கண்ணு இதைப் போடறாங்க?'

அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள். துணைக்கு வந்த தங்கச்சி, புது டியூபுக்குச் சீட்டு வாங்கிப் போகலாம் என்று காத்திருந்தவள், கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு 'கொஞ்சமாத்தானுங்க, கலராகும்னாங்க' என்பாள். நர்ஸிடம் அவள் பேருக்கும் ஒரு சீட்டுப் போடச் சொல்லிவிட்டு, முகம் கழுவிவர அனுப்புவேன்.